'திராவிட நாடு' இதழும் புதிய எழுத்தாளர்களும்: காஞ்சிபுரத்து வார இதழ் ஒன்றின் இலக்கியப் பணி குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சி. என். அண்ணாதுரை 1942இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய 'திராவிட நாடு' வார இதழ் ஓர் அரசியல் ஏடாகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. புதிய எழுத்தாளர்களுக்கு அது எவ்வகை நுழைவாயிலாக அமைந்தது, அந்நுழைவுக்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. ஆசிரியரின் புனைபெயர்கள், இதழின் நடை, அங்கு எழுதியோர் தனித்தனி இதழாசிரியர்களாகப் பிரிந்து சென்ற போக்கு, 1955க்குப் பின் வாசகர் பெற்ற புதிய இடம் ஆகியவை இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திராவிட நாடு, காஞ்சிபுரம், அண்ணா, இதழியல், புனைபெயர், அடுக்குமொழி, புதிய எழுத்தாளர்.

முன்னுரை

தமிழ் இலக்கிய இதழ்களின் வரலாறு பெரும்பாலும் 'மணிக்கொடி'யில் (1933) தொடங்கி, 'கலாமோகினி', 'கிராம ஊழியன்' வழியாக 'எழுத்து' (1959) வரை ஒரே கோடாக வரையப்படுகிறது. இக்கோட்டில் 'திராவிட நாடு' இடம்பெறுவதில்லை. அது கட்சி ஏடு, பரப்புரை ஏடு, ஆகவே இலக்கிய இதழ் அன்று என்பது இவ்விலக்கலுக்குப் பின்னுள்ள எண்ணம். மறுபுறம், திராவிட இயக்க வரலாற்றை எழுதுவோர் இவ்விதழைக் கொள்கைப் போர்க்கருவியாக மட்டுமே காண்கின்றனர். அதில் வெளியான கதை, நாடகம், தொடர்கதை அனைத்தும் அவர்களுக்குக் கொள்கையின் மேலுறையாகவே தோன்றுகின்றன. இரு தரப்பாரும் கேட்காமல் விட்ட எளிய வினா ஒன்று உண்டு. எழுதிப் பழகாத ஒருவர் ஒரு சிற்றூரிலிருந்து தம் முதற் படைப்பை அஞ்சலில் அனுப்பியபோது இவ்விதழ் அதை என்ன செய்தது?

வழக்கமாக இவ்வினாவுக்கு ஒரே ஒரு பெயர் விடையாகத் தரப்படுகிறது. மு. கருணாநிதியின் 'இளமைப்பலி' 1942இல் இவ்விதழில் வெளியானது என்று சொல்லிவிட்டால் போதும் என்ற நிலையே நிலவுகிறது. பின்னாளில் முதலமைச்சரான ஒருவரின் முதல் எழுத்து என்பதால் அந்நிகழ்ச்சி அரசியல் வாழ்க்கை வரலாற்றின் முதல் பக்கமாகிவிடுகிறது. இலக்கியச் செய்தியாக அது ஆராயப்படவில்லை.

ஊரும் காலமும்

'திராவிட நாடு' 1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் வெளிவரத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் இந்தியக் கடற்கரையை நெருங்கியிருந்த நேரம் அது. அடுத்த மாதமே ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் சென்னை நகர மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். அச்சுத் தாளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. இத்தகைய சூழலில் சென்னைக்கு வெளியே ஒரு நெசவூரில் வார ஏடு தொடங்குவது துணிச்சலான செயலாக இருந்தது. ஆயினும் வேறு வழியற்ற நிலையில் எடுத்த முடிவாக இதனைக் கொள்ள முடியாது. ஈரோட்டில் 'குடியரசு', 'விடுதலை' ஏடுகளில் பணியாற்றிப் பெற்ற பயிற்சி அண்ணாவுக்கு இருந்தது. காஞ்சி அவர் பிறந்த ஊர். நெசவுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால் ஊரின் தெருக்களும் தறிக்கூடங்களும் அவருக்குப் பழகியவை.

இதே 1942இல் திருச்சியிலிருந்து 'கலாமோகினி' வெளிவந்தது. துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழியன்' அடுத்த ஆண்டு இலக்கிய இதழாக உருமாறி, 1944இல் தாம் மறையும் வரை கு. ப. ராஜகோபாலன் அதில் ஆசிரியப் பொறுப்பேற்க இடமளித்தது. ஆக, போர்க்காலத்தில் தமிழ் எழுத்தின் மையம் தலைநகரிலிருந்து சற்றே நகர்ந்தது என்பது பொதுப்போக்கு. காஞ்சிபுரத்து இதழை இப்போக்கோடு இணைத்துப் பார்க்கத் தடையேதும் இல்லை. வேறுபாடு எழுத வருவோர் யார் என்பதில்தான். திருச்சி, துறையூர் இதழ்களில் எழுதியோர் பலரும் 'மணிக்கொடி' வழியில் சிறுகதை வடிவத்தை அறிந்து வந்தவர்கள். காஞ்சி இதழை நாடியோரில் பலர் மேடைப்பேச்சைக் கேட்டு எழுத வந்தவர்கள்.

இவ்விடத்தில் அண்ணாவின் சொந்த அனுபவத்தையும் நினைத்துப் பார்க்கலாம். அவருடைய முதற் சிறுகதையாகக் கருதப்படும் 'கொக்கரகோ' 1934இல் 'ஆனந்த விகட'னில் வெளியானது. எந்த இயக்க ஏட்டின் துணையுமின்றி, பெருவாசகர் இதழொன்றில் ஒரு புதியவராக அவர் நுழைந்தார். எட்டாண்டுகள் கழித்து அவரே தொடங்கிய இதழுக்கு எழுத வந்த இளைஞர்களின் பொருள்கள் சமய எதிர்ப்பு, சாதி மறுப்பு, கைம்பெண் மறுமணம் என அமைந்தன. அவற்றோடு அவர்கள் அதே பெருவாசகர் இதழ்களின் வாயிலைத் தட்டியிருந்தால் வரவேற்பு எளிதாக இருந்திருக்காது. வேறு வாயில் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை.

பெயர்களின் கூட்டம்

'திராவிட நாடு' இதழின் தொடக்க ஆண்டுகளை வாசிப்பவர் முதலில் எதிர்கொள்வது பெயர்களின் மிகுதி. சௌமியன், பரதன், வீரன், சமதர்மன், குறும்பன், ஒற்றன், சம்மட்டி எனப் பல பெயர்கள் காணப்படுகின்றன. இவை அனைத்தும் ஒருவருடையவை. அண்ணா ஒரே இதழில் தலையங்கம், கதை, உரையாடல், அரசியல் நையாண்டி, தொடர்கதை என அனைத்தையும் எழுத வேண்டியிருந்ததால் இப்பெயர்களைப் பயன்படுத்தினார் என்பது நடைமுறைக் காரணம். ஒருவரே எழுதுகிறார் என்ற சலிப்பு வாசகருக்கு ஏற்படாதிருக்கவும் அவை உதவின.

ஆனால் விளைவு நடைமுறைத் தேவையைக் கடந்தது. இப்பெயர்கள் பலவும் ஒவ்வொரு தொனியை அறிவிக்கும் சொற்கள். சௌமியன் என்றால் மென்மை. சம்மட்டி என்றால் அடி. குறும்பன் என்றால் கேலி. ஒற்றன் என்றால் மறைவில் நின்று பார்த்துச் சொல்பவன். வாசகருக்கு முன்னால் ஒரு நாடகக் குழு நிற்பது போன்ற தோற்றம் உருவாகிறது. ஓர் இதழ் தனக்கு ஓர் எழுத்தாளர் கூட்டம் உண்டு என்று முதலில் பாவனை செய்கிறது. பின்னர் அப்பாவனையை நம்பி உண்மையான கூட்டம் வந்து சேர்கிறது. புதிதாக எழுதுபவர் ஒருவருக்கு இது இருவகையில் உதவியது. ஒன்று, தம் பெயரும் பலவற்றுள் ஒன்றாக நிற்கும் என்பதால் கூச்சம் குறைகிறது. பெரும்புகழ் பெற்ற ஒருவரோடு தனியே அருகருகே நிற்கும் அச்சம் இல்லை. மற்றொன்று, கட்டுரை, கதை, உரையாடல், கிண்டல் என எதை எழுதுவது என்பதற்கான மாதிரிகள் அதே இதழில் ஒவ்வொரு பெயரின் கீழும் கிடைக்கின்றன.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க இயலாது. எல்லாத் தொனிகளையும் ஒருவரே முன்கூட்டி நிரப்பிவிட்ட இதழில் புதியவர் தமக்கென ஒரு தொனியை எங்கே கண்டடைவார்? மென்மைக்கு ஒரு பெயரும், சினத்துக்கு ஒரு பெயரும், நகைச்சுவைக்கு ஒரு பெயரும் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டன. வருபவர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியவராகிறார். புதியதொன்றைப் படைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. காஞ்சிப் பட்டுத் தறியில் கோர்வைச் சேலை நெய்யும்போது கரைக்குரிய நாடாவை ஓட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு துணையாள் அமர்வதுண்டு. கரை அவர் கையில் இருந்தாலும் சேலையின் வடிவம் அவர் முடிவு செய்வதன்று. 'திராவிட நாடு' இதழில் எழுதத் தொடங்கிய பலரின் நிலை ஏறக்குறைய இதுவே.

'இளமைப்பலி'யும் ஓர் அறிவுரையும்

கருணாநிதி 1924இல் பிறந்தவர். 'இளமைப்பலி' வெளியானபோது அவர் திருவாரூரில் பள்ளி மாணவர். அதற்கு முன்பே 'மாணவ நேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தியவர். அண்ணா திருவாரூருக்கு ஒரு மீலாது விழாவில் பேச வந்தபோது அக்கட்டுரையை எழுதியவரைப் பார்க்க விரும்பி அழைத்தார் என்றும், வந்து நின்றவர் ஒரு மாணவர் என்று கண்டு வியந்தார் என்றும், முதலில் படிப்பில் கருத்தைச் செலுத்துமாறு கூறினார் என்றும் கருணாநிதி தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சி எண்ணற்ற முறை மேடைகளில் சொல்லப்பட்டுள்ளது. சொல்லப்படும்போதெல்லாம் ஆசிரியரின் கனிவும் மாணவரின் திறமையும் அழுத்தம் பெறுகின்றன. ஓர் இதழின் செயல்முறை குறித்து அது சொல்லும் செய்தி கவனிக்கப்படுவதில்லை. எழுதியவரின் வயதையோ கல்வியையோ அறியாமலே படைப்பு ஏற்கப்பட்டது என்பது முதற் செய்தி. அறிமுகக் கடிதமோ பரிந்துரையோ தேவைப்படவில்லை. தாளில் இருந்தது போதுமானதாக இருந்தது. பட்டமும் குடும்பமும் அறிமுகமும் எழுத்துலக நுழைவைப் பெரிதும் தீர்மானித்த காலத்தில் இது சிறிய செய்தியன்று. ஆசிரியர் எழுத்தாளரை நேரில் தேடினார் என்பது இரண்டாவது செய்தி. ஆனால் அச்சந்திப்பின் உள்ளடக்கம் எழுத்து குறித்ததாக இல்லை. கட்டுரையின் எந்தப் பத்தி நன்றாக அமைந்தது, எது தளர்ந்தது, அடுத்து எதை எழுதலாம் என்ற உரையாடல் நடந்ததாகப் பதிவில்லை. படிப்பைக் கவனி என்பது ஓர் அண்ணனின் அறிவுரை. இதழாசிரியர் ஒருவர் தம் எழுத்தாளருக்குச் சொல்வது வேறு வகையானது.

மாணவர் அவ்வறிவுரையைப் பின்பற்றவில்லை என்பது இலக்கியத்துக்கு நேர்ந்த நன்மை. அதே 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் திருவாரூரிலிருந்து 'முரசொலி' துண்டு வெளியீடாக வந்தது. அதில் அவர் 'சேரன்' என்னும் புனைபெயரில் எழுதினார். பரதன், வீரன் போன்ற பெயர்களின் வரிசையில் எளிதில் நின்றுவிடக்கூடிய பெயர் அது. காஞ்சி இதழ் பிறந்து ஐந்து திங்களே ஆன நிலையில், அதில் எழுதிய ஒரு புதியவர் அதன் பெயர்சூட்டும் முறையைக்கூடப் பின்பற்றித் தமக்கென ஓர் ஏட்டைத் தொடங்கிவிட்டார். இப்போக்கின் முழுப் பொருள் பின்னர் விளக்கப்படும்.

இளமை என்னும் அளவுகோல்

புதிய எழுத்தாளர் என்றவுடன் இளைஞர் என்று பொருள்கொள்வது இதழியல் ஆய்வுகளில் ஊறிப்போன பழக்கம். இப்பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கும் சான்று ஒன்று 'திராவிட நாடு' இதழிலேயே உள்ளது. 1945இல் 'தமயந்தி' என்னும் தொடர்கதை இவ்விதழில் வெளியானது. எழுதியவர் மூவலூர் ராமாமிர்தம். 1883இல் பிறந்த அவருக்கு அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை நேரில் அறிந்தவர் அவர். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தை வெளியிட்டார்; 1938இல் இந்தி எதிர்ப்பு நடைப்பயணத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். வாழ்க்கையில் அவர் புதியவர் அல்லர். ஆயினும் இலக்கிய இதழ்களின் உலகில் அவருக்கு இடம் இருந்ததில்லை. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், அப்பொருளைக் கதையாக எழுத ஒரு வார இதழின் பக்கங்கள் அவருக்கு அளிக்கப்பட்டன. முறையான கல்வி குறைந்த, இலக்கிய வட்டங்களுக்கு வெளியே நின்ற, அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணைத் தொடர்கதை ஆசிரியராக ஏற்றது, ஒரு பள்ளி மாணவரின் கட்டுரையை ஏற்றதைவிடத் துணிவான ஆசிரியர் முடிவு என்று கருத இடமுண்டு. மாணவருக்கு எதிர்காலம் இருந்தது. அவரை ஏற்பது ஒருவகை முதலீடு. ராமாமிர்தத்தை ஏற்றதில் அவ்வகைக் கணக்கு இல்லை. சொல்ல வேண்டியதை அறிந்தவர் சொல்லட்டும் என்பது மட்டுமே அங்கிருந்த அளவுகோல்.

ஆனால் இத்தகைய பெண் எழுத்து இவ்விதழில் பெருகிய மரபாக வளரவில்லை. அண்ணாவின் 'பார்வதி பி.ஏ.', 'ரங்கோன் ராதா' ஆகிய தொடர்கதைகளில் பெண்ணின் துயரும் உறுதியும் மையமாகின்றன. எனினும் எழுதும் கை ஆணுடையதாகவே நீடித்தது. பெண்ணுக்காகப் பேசுவதில் இவ்விதழ் காட்டிய ஆர்வத்துக்கும் பெண்ணைப் பேசவிடுவதில் காட்டிய ஆர்வத்துக்கும் இடையிலுள்ள தொலைவை 'தமயந்தி' ஒன்றே அளந்து காட்டுகிறது.

செவிக்கு எழுதிய நடை

திராவிட இயக்க ஏடுகள் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் படிப்பகங்களிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் முறையில் பரவின என்பது பலராலும் ஏற்கப்பட்ட செய்தி. நடையைப் புரிந்துகொள்ள இச்செய்தி அடிப்படையானது. எதுகையும் மோனையும் இணைந்த அடுக்குமொழி, வினாக்களின் தொடர், எதிரெதிர்ச் சொற்களை நிறுத்திக் காட்டும் வாக்கிய அமைப்பு, வினைமுற்றை முன்னே கொண்டுவந்து எழுவாயைக் கடைசியில் வைக்கும் முறை ஆகியவை கண்ணால் படிப்பவருக்கு மிகையாகத் தோன்றலாம். செவியால் கேட்பவருக்கு அவையே நினைவின் கொக்கிகள்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இதற்கு முன்பே செவிவழி இலக்கியத்தின் நீண்ட மரபு உண்டு. காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் செய்யாற்றங்கரையில் அமைந்த மாகறல், ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். இத்தகைய ஊர்களில் எழுத்தறியாதவரும் கோயிலில் ஓதக் கேட்டே பாடலை அறிந்தனர். கதையைத் தெருக்கூத்தில் கேட்டனர். பகுத்தறிவு பேசிய இதழ், தான் எதிர்த்த சமய மரபின் பரவல் முறையையே கையாண்டது என்பதில் ஒரு முரண் இருப்பினும், அதனைக் குறையாகக் கூற வேண்டியதில்லை. கேட்டறியும் சமூகத்தை நோக்கி எழுத முனையும் எவரும் அவ்வழியையே தேர்ந்திருப்பர்.

இந்நடை புதியவர்களுக்குப் பெரும் கொடையாக அமைந்தது. மணிப்பிரவாளமும் பண்டிதத் தமிழும் ஆண்ட உரைநடை உலகில், பள்ளிக் கல்வி மட்டுமே பெற்ற ஒருவர் கற்றுக்கொள்ளக்கூடிய, கற்றவுடன் பயன்படுத்தக்கூடிய, பயன்படுத்தியவுடன் கைதட்டல் பெறக்கூடிய நடை இது. தனித்தமிழ்ச் சொற்களும் வழக்குச் சொற்களும் கலந்த அதன் சொற்களஞ்சியம் யாரையும் அச்சுறுத்தவில்லை. எழுதும் உரிமையை அது பரவலாக்கியது.

கற்றுக்கொள்வதற்கு எளிதான நடை, விட்டு விலகுவதற்குக் கடினமானது. அடுக்குமொழியின் இயல்பு உறுதிப்பாடு. ஐயத்தைச் சொல்ல அதற்குத் தெரியாது. இரண்டு சொற்கள் எதுகையால் இணைந்தவுடன் அவற்றுக்கிடையே பொருள் தொடர்பும் உண்டு என்று கேட்பவர் நம்பிவிடுகிறார். கட்டுரையில் இது வலிமை. கதையில் இது தடையாகிறது. கைம்பெண், சமீன்தார், தொழிலாளி, பண்டாரம் ஆகிய அனைவரும் ஒரே மேடைப் பேச்சாளரின் மொழியில் பேசத் தொடங்கிவிடுகின்றனர். கதைமாந்தர் தயங்கும் இடமோ, சொல் கிடைக்காமல் நிற்கும் இடமோ அந்நடையில் அமைவதில்லை. அண்ணாவிடம் இக்குறையை அவருடைய நகைச்சுவையும் நாடக உணர்வும் ஈடுசெய்தன. 'ஓர் இரவு' நாடகத்தைக் கண்ட கல்கி அவரைப் பெர்னாட்ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டியது வெறும் உபசாரமன்று. அவரைப் பின்பற்றிய பலரிடம் நடை எஞ்சியது; ஈடுசெய்யும் ஆற்றல் எஞ்சவில்லை.

இதழுக்குள் இதனைச் சுட்டிக்காட்டும் விமர்சன மரபு உருவாகியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். 'திராவிட நாடு' விமர்சனமற்ற இதழ் அன்று. 'கம்பரசம்', 'ஆரிய மாயை' ஆகியவை அதன் பக்கங்களில் உருவான கூர்மையான எழுத்துகள். 1943இல் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியோடும் நடந்த சொற்போர்கள் அக்காலத் தமிழகத்தின் பெரும் இலக்கிய நிகழ்ச்சிகள். ஆனால் இக்கூர்மை முழுவதும் வெளிநோக்கியது; கம்பனை நோக்கியது, புராணத்தை நோக்கியது. சொந்த எழுத்தாளர் ஒருவரின் கதையை எடுத்து, அது ஏன் சரியாக அமையவில்லை என்று பேசும் பக்கம் வளரவில்லை. எதிரி முன் நிற்கும்போது தோழரைத் திருத்துவது பிளவாகத் தோன்றும் என்ற அச்சம் எல்லா இயக்க இதழ்களுக்கும் உரியது. சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதற்கு நேர் எதிர்முனை. அங்கே எழுதியோர் ஒருவர் படைப்பை மற்றவர் அறுத்துப் பார்த்தனர். அதனால் பகைமைகள் விளைந்தன, கவிதையும் விளைந்தது. ஆனால் 'எழுத்து' எட்டிய வாசகர் எண்ணிக்கை மிகச் சிறியது. மூவலூர் ராமாமிர்தம் போன்ற ஒருவர் அங்கே தொடர்கதை எழுதியிருக்க முடியுமா என்ற கேள்வியையும் ஒப்பிடுபவர் எதிர்கொள்ள வேண்டும்.

எழுத்தாளர் ஆசிரியராதல்

இலக்கிய இதழொன்றில் வளர்ந்த எழுத்தாளர் பொதுவாக என்ன ஆகிறார்? நூல் வெளியிடுகிறார், வேறு இதழ்களில் எழுதுகிறார், சிலர் மௌனமாகிறார்கள். 'திராவிட நாடு' இதழைச் சுற்றி வளர்ந்த தலைமுறையின் பாதை வேறு. கருணாநிதியின் 'முரசொலி', க. அன்பழகனின் 'புதுவாழ்வு', இரா. நெடுஞ்செழியனின் 'மன்றம்', ஏ. வி. பி. ஆசைத்தம்பியின் 'தனி அரசு', இராம. அரங்கண்ணலின் 'அறப்போர்', கண்ணதாசனின் 'தென்றல்' என ஏடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சுரதா 1955இல் 'காவியம்' என்னும் கவிதை வார இதழையே நடத்தினார். இவர்கள் அனைவரும் காஞ்சி இதழில் தொடங்கியவர்கள் என்று கூறுவது பிழை. ஆனால் எழுத்தாளராக நிலைபெறுவதன் உச்சம் ஓர் ஏட்டின் ஆசிரியராவது என்னும் முன்மாதிரியை இவர்களுக்கு அளித்ததில் காஞ்சி இதழுக்கு முதன்மையான பங்குண்டு.

இதன் விளைவு தமிழ் இதழியலுக்குக் கிடைத்த செழிப்பு. சிற்றூர்களில் அச்சகங்களும் முகவர்களும் வாசகர்களும் பெருகினர். இதன் இழப்பும் அதே அளவு தெளிவானது. வாரந்தோறும் தலையங்கம் எழுத வேண்டியவர் ஒரு சிறுகதையை மூன்று முறை திருத்தி எழுத நேரமற்றவர். மேடையும், 1949இல் 'வேலைக்காரி' வெற்றிக்குப் பின் திரைப்படமும் எஞ்சிய நேரத்தை எடுத்துக்கொண்டன. ஓர் இதழ் தன் புதிய எழுத்தாளர்களை எழுத்தாளர்களாகவே தக்கவைத்துக்கொள்ளவில்லை என்பதே 'திராவிட நாடு' மீது வைக்கத்தக்க கடுமையான இலக்கியக் குற்றச்சாட்டு.

புதுக்கோட்டையில் 1947இல் தொடங்கிய 'பொன்னி' இதனோடு ஒப்பிடத்தக்கது. முருகு சுப்பிரமணியனும் அரு. பெரியண்ணனும் நடத்திய அவ்விதழ் 'பாரதிதாசன் பரம்பரை' என்னும் தலைப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட கவிஞர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தியது. அங்கே புதியவர் பெயரோடும் தனி அறிமுகத்தோடும் முன்னிறுத்தப்பட்டார். அறிமுகம் என்பதே இதழின் திட்டமிட்ட செயலாக இருந்தது. காஞ்சியில் அது நிகழ்ந்தபோது நிகழ்ந்தது; திட்டம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. பாரதிதாசனுக்கு 1946இல் 25,000 ரூபாய் பொற்கிழி வழங்க முன்னின்றவர் அண்ணா. நிலைபெற்ற கவிஞரைப் போற்றக் காட்டிய அமைப்புத்திறனில் ஒரு பகுதி புதியவர்களைத் தொகுத்து முன்வைப்பதில் செலவாகியிருந்தால், 'பொன்னி' செய்த பணியைக் காஞ்சி ஐந்தாண்டு முன்னரே செய்திருக்கும்.

'தம்பி'யும் வாசகரும்

1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபின் இதழின் சுமை கூடியது. 1950இல் 'ஆரிய மாயை' நூலுக்காக அண்ணா தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். 1953இல் கைத்தறி நெசவாளர் துயர் துடைக்கக் கழகத்தினர் துணிகளைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். நெசவூரின் இதழ் தன் ஊரின் வாழ்வோடு இணைந்த தருணம் அது. 1955இல் 'தம்பிக்கு' என விளிக்கும் கடிதத் தொடர் தொடங்கியது.

இக்கடிதங்கள் தமிழ் உரைநடையின் சிறந்த பகுதிகளுள் அடங்குவன. அறிவை நெருக்கமான குரலில் சொல்லும் வடிவமொன்றை அவை தமிழுக்கு அளித்தன. முரசொலியில் கருணாநிதி உடன்பிறப்புக்கு எழுதிய கடிதங்கள் அவ்வடிவத்தின் தொடர்ச்சி. எனினும் புதிய எழுத்தாளர் என்னும் கோணத்திலிருந்து நோக்கும்போது ஒரு மாற்றம் புலப்படுகிறது. 1942இன் வாசகர் தாமும் எழுதி அனுப்பலாம் என்று நினைக்கக்கூடியவர். பெயர்களின் கூட்டத்தில் தம் பெயரும் சேரலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. 1955இன் வாசகர் தம்பி. தம்பி கடிதத்தைப் பெறுபவர், மனத்தில் இருத்துபவர், அதன்படி நடப்பவர். அண்ணன் எழுதும்போது இடையில் குறுக்கிட்டுத் தம்பி ஒரு கதை சொல்வதில்லை. பல புனைபெயர்களில் பிரிந்திருந்த குரல் ஒரே குரலாகத் திரண்டது, கேட்பவர் பெருகினர். கட்சி வளர்ச்சிக்கு இது தேவையாக இருந்திருக்கலாம். இதழுக்குள் புதியவருக்கு இருந்த இடம் சுருங்கியதை அத்தேவை மறைத்துவிடக் கூடாது.

'திராவிட நாடு' 1963 வரை வெளிவந்தது. பின்னர் வந்த 'காஞ்சி' இதழில் 1969 பொங்கலையொட்டி அண்ணா தம் இறுதிக் கடிதத்தை எழுதினார்.

தொகுக்கப்பட்டவையும் விடுபட்டவையும்

இவ்விதழை ஆராய்வோர் இன்று பெரும்பாலும் கையாள்வது இதழை அன்று. அதிலிருந்து எடுக்கப்பட்ட நூல்களை. 'கலிங்கராணி', 'பார்வதி பி.ஏ.', 'ரங்கோன் ராதா', 'கம்பரசம்', தம்பிக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவை நூல்களாகப் பலமுறை அச்சாகிவிட்டன. தொகுப்பாளர்கள் பல புனைபெயர்களையும் அடையாளம் கண்டு அண்ணாவின் கணக்கில் சேர்த்துள்ளனர். அது வரவேற்கத்தக்க பணியே. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து அண்ணாவின் பத்தியை வெட்டி எடுக்கும்போது அதே பக்கத்தின் மறு பத்தியில் எழுதியிருந்தவர் வெட்டுத்தாளோடு போய்விடுகிறார். பல குரல்கள் ஒலித்த ஓர் இதழ் ஒருவரின் நூல் தொகுதியாகச் சுருங்குகிறது. அது கட்சி ஏடு, இலக்கிய இதழ் அன்று என்னும் பழைய முடிவும் இவ்வாறே வலுப்பெறுகிறது. வேறு எழுத்தாளர்களைப் பார்க்கவே வாய்ப்பில்லாதபோது அம்முடிவை மறுப்பது யார்?

புனைபெயர் இங்கே மற்றொரு சிக்கலையும் தருகிறது. அண்ணாவின் பெயர்களைப் போன்றே ஒலிக்கும் பெயர்களைப் பிறரும் சூடிக்கொண்டனர் என்பதைச் 'சேரன்' காட்டுகிறது. நடையும் ஒன்றாக இருந்துவிட்டால், ஒரு புதியவரின் கதை ஆசிரியரின் கதையாகக் கணக்கிடப்படவும், ஆசிரியரின் கதை பெயரறியாத ஒருவருடையதாக ஒதுக்கப்படவும் கூடும். சொற்பயன்பாடு, வாக்கிய நீளம், எதுகை அமையும் இடம் ஆகியவற்றைக் கணினி வழி ஒப்பிடும் நடையியல் ஆய்வுக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான களம் வேறொன்றைக் காண்பது அரிது.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை மிக எளியது, அலுப்பூட்டுவதும்கூட. நூலகங்களிலும் தனியார் சேமிப்புகளிலும் சிதறிக் கிடக்கும் இதழ்களை நாள்வாரியாக அடுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள தலைப்பு, பெயர், ஊர், எழுத்து வகை ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். 1942 முதல் 1949 வரையிலான இதழ்களிலிருந்து தொடங்கலாம். ஒருமுறை மட்டுமே தோன்றி மறைந்த பெயர்களை அப்பட்டியலில் முதலில் தேட வேண்டும்.